தாடைக்குக் கீழே ஒரு மச்சம்

தராசில் 11.65 என்று விழுந்தது. நம்பாமல் காசை எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் 11.65.

முதல்நாள்தான் பாரிமுனைப் பக்கம் ஒரு காசு வியாபாரி அதே காசைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவியிருந்தார். அந்தத் தடவலே எனக்கு ஆகவில்லை. "தேஞ்சு போனது சார். காதுக்கு மேல முடியே இல்ல பாருங்க. வெள்ளி விலை போட்டு மேல நூறு ரூபாய் தரலாம்" என்றார். நானும் பார்த்தேன். விக்டோரியா ராணியின் காதுக்கு மேல் இழை இழையாக இருக்க வேண்டிய கூந்தல் வழுவழுவென்று கிடந்தது. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயின் நிர்ணய எடை 180 கிரெயின். இன்றைய கணக்கில் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1835-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தபோது வைத்த அளவு அது. ஒரு தோலாவும் அதே எடைதான் என்பதால் நாட்டு மருந்துக் கடைகளில் 'ஒரு ரூபாய் எடை' என்ற பேச்சு வெகுகாலம் இருந்தது. கூந்தல் முழுக்கத் தேய்ந்துபோன ஒரு காசு தன் எடையில் பத்து மில்லிகிராம் மட்டும் இழந்திருக்குமா? தேய்ந்தது என்றால் வெள்ளி எங்காவது போயிருக்க வேண்டும். இது எங்கும் போகவில்லை.

காசு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கம் இருக்கும் என் அத்தை, வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன் பழைய மரப்பெட்டியில் இருந்த ஒரு துணி முடிச்சை என்னிடம் கொடுத்தார். 11 வெள்ளி ரூபாய். எல்லாவற்றிலும் ஒரே ஆண்டு: 1840. முப்பாட்டனார் அந்த வருஷம் நெல் விற்று வாங்கிய காசு என்பது குடும்பக் கதை. நான் போவதற்குள் அத்தை நான்கு காசுகளை விபூதி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். "பளபளன்னு இருந்தாத்தானேடா உனக்குப் பாக்க நல்லா இருக்கும்" என்றார். அந்த நான்கின் மேல் இருந்த சாட்சியம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் ஏழுக்கும் பென்சிலால் எண் போட்ட தாள் உறை போட்டேன். தராசில் 11.65 காட்டியது நான்காம் காசு.

ஒரு பழைய காசில் உருவம் மழுங்கியிருந்தால் சந்தேகத்துக்குரியவர்கள் மூவர். பல கைகள் மாறி மாறித் தேய்த்திருக்கலாம். அடித்த அச்சு ஓய்ந்து போனதாக இருக்கலாம். அச்சு நன்றாக இருந்தும் அடி சரியாக விழாமல் போயிருக்கலாம். கை, அச்சு, அடி. கடையில் சொல்லப்படும் கிரேடுகள், அந்த வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன் எல்லாம், பெரும்பாலும் முதல் ஆளை மட்டும் கூண்டில் ஏற்றுகின்றன.

மூவரையும் பிரித்தறிய ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: காசில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம். கை முதலில் தொடுவது காசின் மேட்டை. ராணியின் காதோர முடி, கன்னம், கொண்டையின் முகடு, பூப்பக்கத்தில் இலை வளையத்தின் நடு நரம்பு, இவைதான் முதலில் போகும். பள்ளத்தில் இருக்கும் தளம் கடைசி வரை தப்பிக்கும். அச்சு ஓயும் விதமே வேறு. ஒவ்வொரு அடியிலும் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடுகிறது. ஓடும் வெள்ளி எஃகை அரிக்கிறது. ஆயிரக்கணக்கான அடிக்குப் பிறகு அச்சின் தளத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குப் பாயும் நுண்ணிய கோடுகள் விழுகின்றன. எழுத்துகளின் அடிப்பாகம் விளிம்புப் பக்கமாக விரிந்து, மீன் வால் மாதிரி ஆகிவிடுகிறது. எஃகு விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் வெள்ளி புகுந்து, காசில் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். புதிதாகக் காசு வாங்குகிறவர்கள் அதைக் கீறல் என்று நினைத்து ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கீறல் பள்ளமாக இருக்கும். இது மேடு.

மூன்றாவது ஆள், அடி, கொஞ்சம் சூதுவாது தெரிந்தவன். அழுத்தம் போதாவிட்டால் அச்சின் மிக ஆழமான பள்ளத்துக்குள் வெள்ளி ஏறாது. ஆழமான பள்ளம் என்றால் காசின் மிக உயரமான மேடு. அதே காதோர முடி. அதாவது கை தேய்த்த இடமும் அடி விழாத இடமும் ஒன்றே. பாரிமுனை வியாபாரி தவறியது இங்கேதான். நானும் அங்கேதான் தவறினேன்.

தீர்த்துவைத்தது ஒரு மேசை விளக்கு. அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மஞ்சள் பல்பின் கீழ் காசின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். புழங்காத காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி தளத்தின் மேல் சுற்றிவரும். அந்தப் பாய்ச்சல் கோடுகள்தான் காரணம். கை பட்ட காசில் இந்தச் சக்கரம் மேட்டின் மேல் ஏறும்போது அறுந்துபோகும், அங்கே சாம்பல் நிறத் திட்டு தெரியும். நான்காம் காசில் சக்கரம் அறுபடவில்லை. வழுவழுத்த கூந்தலின் மேலேயே ஏறி, கொண்டையைக் கடந்து, மறுபக்கம் இறங்கியது. லென்ஸில் பார்த்தால் அந்த வழுவழுப்புக்குள் பொடிப் பொடிக் கீறல்கள், அச்சில் வைப்பதற்கு முன்பே வெள்ளி வில்லையில் இருந்தவை. அச்சு அவற்றை அழுத்தித் துடைக்கவே இல்லை. ஆக, இந்தக் காசு தேயவில்லை. பிறக்கும்போதே அப்படித்தான். எழுத்துகளின் கால்களோ மீன் வாலாக விரிந்து கிடந்தன. அடியும் குறைவு, அச்சும் ஓய்ந்தது. கை மட்டும் நிரபராதி.

இத்தோடு விட்டிருந்தால் வியாபாரியை ஜெயித்த திருப்தி மட்டும் மிஞ்சியிருக்கும். மற்றப் பத்தையும் நிறுத்தேன். நான்காம் காசோடு சேர்த்து ஆறு காசுகள் 11.62-க்கும் 11.66-க்கும் இடையே நெருங்கி நின்றன. நான்கு சிதறின: 11.55-இலிருந்து 11.38 வரை. பதினொன்றாவது காசு என்னைத் தலைகுனிய வைத்தது. உருவம் தெளிவு, முடி இழை எண்ணலாம். அதன் உறையில் முதல்நாளே 'ஆகச் சிறந்தது' என்று எழுதிவைத்திருந்தேன். எடை 11.02. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தபோது 1.24 கிராம் குறைந்தது. வகுத்தால் அடர்த்தி 8.9. கம்பெனி ரூபாய்க்கு 10.3 பக்கம் வர வேண்டும், 8.9 செம்பின் கணக்கு. விளிம்பின் வரிகளுக்கு நடுவே வார்ப்புத் தையலும் தெரிந்தது. ஒரு நல்ல காசை மண்ணில் பதித்து வார்த்த கள்ளக் காசு. முகத்தைப் பார்த்து ஏமாந்த வகையில் நானும் என் முப்பாட்டனாரும் ஒரே கட்சி.

அடுத்து எழும்பூருக்குப் போனேன். கன்னிமரா நூலகத்திலும் பக்கத்து ஆவணக் காப்பகத்திலுமாகச் சில வாரங்கள். குடும்பக் கதையில் இருந்த 1840 என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம், அந்த ஆண்டு உறைந்துபோன ஆண்டு. 1840-இல் விக்டோரியா தலையோடு ரூபாய் அடிக்கத் தொடங்கியவர்கள், ஆண்டை மாற்றாமலே இருபது ஆண்டுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1858-இல் கம்பெனியின் ஆட்சி முடிந்தது. அதற்குப் பிறகும் 1862-இல் புதுக் காசு வரும்வரை 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1840' என்ற முத்திரையோடே காசு வந்தது. இல்லாத கம்பெனியின் பெயரில், போய்விட்ட ஆண்டில். 1862 என்ற ஆண்டையும் அப்படியே 1874 வரை உறையவைத்தார்கள் என்பது தனிக் கதை.

நல்லவேளையாக உறைந்த ஆண்டுக்குள் இரண்டு வகை உண்டு. பிரிட்மோர் தொகுத்த பட்டியலில் தொடங்கி எல்லாச் சேகரிப்பாளர்களும் பின்பற்றும் பிரிவு இது. முதல் வகையில் ராணியின் பெயரும் பட்டமும் தலைக்கு மேல் ஒரே ஓட்டமாக வளைந்து போகும். இரண்டாம் வகையில் தலை நடுவே புகுந்து, முகத்துக்கு முன்னால் பெயர், கொண்டைக்குப் பின்னால் பட்டம் என்று பிரித்துவிடும். இரண்டாவது 1850-களுக்கு உரியது. பூப்பக்கத்து இலை வளையத்தில் இருக்கும் பழங்களையும் எண்ணுவார்கள். முதல் வகையில் 19 அல்லது 20, இரண்டாம் வகையில் 28, 34, 35 என்று கணக்கு. கண் வலிக்கும் வேலை. தேய்ந்த காசில் பழம் எது, இலைக் காம்பின் முடிச்சு எது என்று சண்டையே நடக்கும். என் முடிச்சில் இருந்த பத்து நல்ல காசுகளில் எட்டு இரண்டாம் வகை. நெல் விற்ற கதை குறைந்தது பத்து ஆண்டு பிந்த வேண்டியதுதான்.

எடைச் சிதறலைப் பற்றிப் படிக்கப் போய் வேறு ஒரு வழியில் இறங்கிவிட்டேன். பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் இளவயதில் சிட்னி நாணயச் சாலையில் உலோகப் பரிசோதகராக இருந்தவர். 1868-இல் இங்கிலாந்தின் தங்கக் காசுகளை ஆண்டுவாரியாக எண்ணி, நிறுத்து, எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்று மதிப்பிட்டார். அதே முறையை ஹாரிசன் இந்திய ரூபாய்க்குப் போட்டுப் பார்த்தார், பிறகு அட்கின்சன். கெய்ன்ஸ் 1913-இல் எழுதிய இந்திய நாணயம் பற்றிய புத்தகத்தில் இவர்களின் கணக்கை எடுத்து விவாதிக்கிறார். ஆண்டுவாரியாக எண்ணும் முறைக்கு, காசு தன் வயதில் பொய் சொல்லக் கூடாது. நம் ரூபாயோ 1840 என்றும் 1862 என்றும் இரண்டு பெரிய பொய்களைச் சொல்கிறது. ஒரு நூலகத்தில் இந்தப் பகுதி இருந்த பக்கங்களை யாரோ பிளேடால் அழகாக வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். வேறு இடத்தில் தேட இரண்டு வாரம் போனது.

அந்த இரண்டு வாரத்தில்தான் டி.டி. கோசம்பியைப் படித்தேன். புனே ஃபெர்குசன் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தபோது அவர் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகளைக் கையில் எடுத்தார். தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924-இல் ஒரு பானைப் புதையல் கிடைத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகளோடு அலெக்சாந்தரின் காசுகளும் அதில் புத்தம் புதிதாக இருந்தன. வால்ஷ் வெளியிட்ட எடைப் பட்டியலை வைத்துக்கொண்டு கோசம்பி ஒரு எளிய கேள்வி கேட்டார்: பின்பக்கத்தில் குத்தப்பட்ட சிறு குறிகள் கூடக் கூடச் சராசரி எடை என்ன ஆகிறது? சீராகக் குறைந்தது. ஆக, அந்தக் குறிகள் காலத்தின் கணக்கு. தன் காலத்துச் சில்லறைக் காசுகளை நிறுத்து, புழக்கம் எடையை எப்படித் தின்கிறது என்றும் பார்த்தார். புழங்கப் புழங்கச் சராசரி எடை குறைவதோடு, காசுக்குக் காசு வித்தியாசமும் பெருகும். 1941-42-இல் வந்த கட்டுரைகள் இவை. முத்திரையின் அழகில் மயங்கிக் கிடந்த துறைக்குள் ஒருவர் தராசோடு நுழைந்தார். நம் போடிநாயக்கனூர்ப் புதையலும் அவர் கைக்குப் போனது. பின்பக்கத்தில் மீன் போன்ற குறி தாங்கிய அந்தக் காசுகளைப் பாண்டியருடையவை என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

கோசம்பியின் கண்ணோடு என் முடிச்சைப் பார்த்தால், நெருங்கி நின்ற ஆறும் ஒரு வரவு, சிதறிய நான்கும் வேறு வரவு என்று தோன்றும். ஆயிரம் காசு வைத்துப் பேசியவர் முன்னால் பத்து காசை நீட்டினால் சிரிப்பார் என்பதும் தெரியும். புள்ளியியல் இங்கே உதவாது. வேறு சாட்சி வேண்டும்.

சாட்சி ஏழாம் காசில் இருந்தது. நான்கு சிதறிய காசுகளில் ஆகக் குறைந்தது, 11.38. 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ரூபாய் தன் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இழந்திருந்தால் செல்லுபடியாகாது என்றது. கணக்குப் போட்டால் 11.43-க்குக் கீழே செல்லாது. ஏழாம் காசு அந்தச் சட்டப்படி செல்லாக் காசு. முகத்தைப் பார்த்தாலும் தெரியும்: கூந்தல், கன்னம், கொண்டை எல்லாம் ஒரே சமமாக இழைத்துவிட்ட மாதிரி. விளக்கில் பிடித்தால் சக்கரமே இல்லை. இது கைதான், சந்தேகம் வேண்டாம்.

ஆனால் ராணியின் தாடைக்குக் கீழே, தளத்தில், ஒரு பொடி மேடு. பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு வரி எழுதுவார்களே, 'தாடையின் கீழ் ஒரு மச்சம்' என்று, அதே மாதிரி. அச்சின் எஃகு துருப்பிடித்து ஒரு குழி விழுந்திருந்தால், அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் இப்படி ஒரு மச்சம் வரும். நான்காம் காசை எடுத்துப் பார்த்தேன். அதே இடம், அதே மச்சம். பட்டத்தின் இரண்டாம் எழுத்துக்கு அடியிலிருந்து கொண்டையை நோக்கி ஒரு மேட்டுக் கோடும் இரண்டிலும் இருந்தது. ஒரே அச்சின் பிள்ளைகள். ஏழில் அந்த விரிசல் எழுத்தின் காலடியிலேயே நின்றுவிடுகிறது. நான்கில் கொண்டையைத் தொட்டு நிற்கிறது.

விரிசல் வளரும், சுருங்காது. அதனால் ஏழு முதலில் அடித்தது, நான்கு பிறகு. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே ஒரு தடை எழுந்தது: ஏழாம் காசுதான் தேய்ந்ததாயிற்றே, கொண்டை வரை போன விரிசலும் தேய்ந்து மறைந்திருக்கக் கூடாதா? கூடும். ஒரு முழு இரவு இந்தக் கேள்வியோடு போனது. விடை எழுத்துகளின் காலில் கிடைத்தது. கை எழுத்தின் தலையை மழுக்கும், விரிந்த காலைக் கூராக்காது. ஏழாம் காசின் எழுத்துகள் தலை தட்டையானவை, கால்கள் நேராக, கூராக நிற்கின்றன. மீன் வால் இல்லை. நான்கில் தலை முழுசு, கால் மட்டும் விரிந்து கிடக்கிறது. அச்சு இளமையாக இருந்தபோது பிறந்தது ஏழு. அதே அச்சு கிழடு தட்டிய பிறகு பிறந்தது நான்கு.

கிரேடு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வரலாற்றைத் திணிப்பது எனக்கு உடன்பாடில்லை. காசு நாணயச் சாலையில் எப்படிப் பிறந்தது என்பது ஒன்று, பிறகு என்ன பட்டது என்பது வேறு. 1949-இல் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கு வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலைத்தான் இன்று நம் ரூபாய்க்கும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஒட்டுகிறார்கள். வாங்குகிறவர் பெட்டியின் எண்ணைப் பார்க்கிறார். நான்காம் காசுக்குச் சந்தையில் மதிப்பு வராது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பட்டியல் எழுதுகிறவர்களாவது எடையையும் அச்சின் நிலையையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். நம்மூர் ஏலப் பட்டியல்கள் பலவற்றில் கம்பெனி ரூபாய்க்கு எடையே இருப்பதில்லை. இதை அலட்சியம் என்றுதான் சொல்வேன்.

கும்பகோணத்துக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 1840 இல்லை, 1850-க்குப் பிறகு என்றதும், "சரி, அவர் பத்து வருஷம் கழிச்சுச் சம்பாதிச்சிருக்கார். அவ்ளோதானே?" என்றார். கள்ளக் காசைக் கேட்டுச் சிரித்தார். ஏழாம் காசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா லேகியம் கிண்டறதுக்குத் தராசுல ஒரு ரூபாயைப் போட்டுத்தான் சரக்கு நிறுப்பார். அது இதுவா இருக்குமோ?" என்று கேட்டார்.

இருக்கலாம். அப்படியானால் அது சந்தையில் புழங்கித் தேய்ந்த காசே இல்லை. ஒரே அச்சில் வந்த இரண்டு காசில் ஒன்று முடிச்சில் தூங்க, மற்றது ஒரே வீட்டில், இரண்டு மூன்று பேர் கையில், தராசுத் தட்டில் விழுந்து விழுந்து 0.28 கிராம் இழந்திருக்கிறது. என் 'வேறு வரவு' ஊகத்தில் அதோடு ஒரு காசு கழன்றுவிட்டது. லேகியத்தில் திப்பிலியும் சுக்கும் கடைசிக் காலத்தில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைவாகவே விழுந்திருக்கும்.

அந்த அச்சில் அடித்த காசு இரண்டோடு நின்றிருக்காது. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பூஜை அறையிலோ தலை நடுவே புகுந்து எழுத்தைப் பிரிக்கும் 1840 ரூபாய் இருந்தால், விபூதி, புளி, பல்பொடி எதுவும் படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்துப் பாருங்கள். ராணியின் தாடைக்குக் கீழே மச்சம் இருந்தால், நகைக்கடையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, கொண்டைப் பக்கத்து விரிசல் எந்த இடத்தில் நிற்கிறது என்று இந்த இதழின் முகவரிக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.